மெட்ராஸ் போகலாமா, வேண்டாமா? வெள்ளைக்காரர்கள் போட்ட கணக்கு

மே மாதம் பகல் ஒரு மணிக்கு கடம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெயிலே இல்லாத ஏதாவது ஒரு குளிர் தேசத்துக்குப் போய்விட்டால் தேவலை என்பார்கள். இதற்கு நேர் எதிராக, குளிர் தேசமான இங்கிலாந்தில் இருந்தவர்கள் இந்த வெயில் பூமிக்குப் போகலாமா வேண்டாமா என்று தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், வியாபாரம் செய்தார்கள், நாட்டைப் பிடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் நாலு வரியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் கப்பல் ஏறிய பலரும் அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த முடிவில் வரவு என்ன, பற்று என்ன? அந்தக் கணக்கு சரியாகத்தான் போடப்பட்டதா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வரவுப் பக்கம்

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்தார். கோட்டை எழும்பியது. அதன் பிறகு கம்பெனி வேலைக்காக இங்கிலாந்திலிருந்து இளைஞர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆரம்ப நிலை வேலைக்குப் பெயர் 'ரைட்டர்'. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் குமாஸ்தா. 1744-ல் ராபர்ட் கிளைவ் இந்த வேலைக்குத்தான் மெட்ராஸ் வந்து இறங்கினார். சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு 5 பவுண்டு!

ஐந்து பவுண்டுக்காகவா ஒருவர் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருவார்? இல்லை. சம்பளம் ஒரு சாக்கு. கம்பெனி ஊழியர்கள் சொந்தமாகவும் வியாபாரம் செய்துகொள்ளலாம் என்ற அனுமதிதான் உண்மையான வரவு. அந்தக் கால மெட்ராஸ் நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பகோடா (நம்ம வராகன்தான்). இந்தியாவில் பகோடா மரம் இருக்கிறது, போய் உலுக்கினால் காசு கொட்டும் என்று இங்கிலாந்தில் பேசிக்கொள்வார்களாம்.

உலுக்கியவர்களுக்குக் கொட்டவும் செய்தது. 1698 முதல் 1709 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட், பட்டை தீட்டாத 410 காரட் வைரம் ஒன்றை 48,000 பகோடாவுக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் சுமார் 20,400 பவுண்டு. 1717-ல் அதே வைரம் பிரான்ஸ் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்குப் போனது. அவருடைய பேரன் வில்லியம் பிட் பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரானார். கிளைவோ 1757 பிளாசிப் போருக்குப் பிறகு 2,34,000 பவுண்டு பரிசாகப் பெற்றார். அஞ்சு பவுண்டு குமாஸ்தா!

இப்படிச் சம்பாதித்துத் திரும்பியவர்களை இங்கிலாந்தில் 'நபாப்' என்றார்கள். பெரிய பங்களா, குதிரை வண்டி, பார்லிமென்ட் சீட். பக்கத்து வீட்டுப் பையன் நபாபாகத் திரும்பி வந்தால் எந்தத் தகப்பன்தான் தன் மகனைக் கப்பல் ஏற்ற மாட்டார்?

பற்றுப் பக்கம்

இங்கேதான் சிக்கல். நபாப் என்பவர் திரும்பி வந்தவர். திரும்பி வராதவர்கள்?

பி. ஜே. மார்ஷல் என்ற வரலாற்று ஆசிரியர் வங்காளத்துக் கம்பெனி ஊழியர்களின் பட்டியலை எடுத்துக் கணக்குப் பார்த்தார். 1707 முதல் 1775 வரை அங்கே வேலைக்கு வந்தவர்களில் சுமார் 57 சதவீதம் பேர் அங்கேயே செத்துப் போயிருக்கிறார்கள். அதாவது நூறு பேர் கப்பல் ஏறினால் உயிரோடு திரும்ப வாய்ப்பு 43 பேருக்குத்தான். அந்த 43 பேரிலும் எல்லோரும் நபாப் ஆகிவிடவில்லை.

சிப்பாய்களின் கதை இன்னும் மோசம். இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதார நிலை பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1863-ல் அறிக்கை கொடுத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் வருடா வருடம் இறக்கிறார்கள் என்றது அது. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் கூட்டு வட்டி போடுவது போல இதையும் போட்டுப் பாருங்கள். இதே விகிதம் நீடித்தால், ஆயிரம் பேர் வந்த படையில் பத்து வருடம் கழித்து மிஞ்சுவது ஏறக்குறைய 490 பேர்! இவர்களுக்குச் சொந்த வியாபாரமும் கிடையாது, வைரமும் கிடையாது.

மேலே இருந்தவர்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கவர்னர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680-ல் திறந்தபோது அங்கே நடந்த முதல் கல்யாணமே அவருடையதுதான். பெரும் பணக்காரராக 1699-ல் ஊர் திரும்பினார். ஆனால் சின்ன வயதிலேயே இறந்துபோன அவருடைய மகன் டேவிட்டை இங்கேதான் புதைத்தார்கள். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எழுப்பிய சமாதி அந்தப் பிள்ளையுடையதுதான்.

தாமஸ் மன்றோவை எல்லோருக்கும் தெரியும். தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை. 1780-ல் வந்தவர், கவர்னர் பதவி வரை உயர்ந்தார். கடைசியில் பதவியை விட்டுப் போக அனுமதி கேட்டுவிட்டு, மாற்று ஆள் வரக் காத்திருந்த நேரத்தில் சுற்றுப்பயணம் போனார். 1827 ஜூலை மாதம் பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோய்விட்டது. நாற்பத்தேழு வருடக் கணக்கு, கடைசிப் பக்கத்தில் கிழிந்தது.

குற்றவாளி வெயிலா?

இத்தனை சாவுக்கும் அன்றைய வெள்ளைக்காரர்கள் பழி போட்டது பெரும்பாலும் வெயில் மேலும் கெட்ட காற்று மேலும்தான். அதனால் செலவும் அந்தப் பக்கமே போனது. தலைக்குத் தடித்த தொப்பி, உடம்புக்குக் கம்பளித் துணி. 1840-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி வந்து மெட்ராஸ் கடற்கரையில் இறங்கியது. அதை வைத்திருந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார், ஊட்டி பிறந்தது. இங்கிலாந்து மாதிரியே குளிர்! ஆனாலும் அவருடைய மனைவியும் மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில்தான் இருக்கிறார்கள். குளிர் தேடிப் போன இடத்திலும் சாவு வந்தது.

காலராவுக்குக் காரணமான கிருமியை 1884-ல் கல்கத்தா குளத்துத் தண்ணீரில் ராபர்ட் காக் காட்டினார். மலேரியாவைக் கொசுதான் கடத்துகிறது என்று 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். ஆக, கொன்றதில் பெரும்பங்கு வெயிலுடையது இல்லை, தண்ணீரும் கொசுவும்! மெட்ராஸ் நகரத்துக்கு நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் செங்குன்றம் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் திட்டமே 1872-ல்தான் வந்தது. அதாவது கோட்டை கட்டி இருநூறு வருடங்களுக்கு மேல், கணக்கில் தவறான தலைப்பின் கீழ் செலவு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்தவர் தலையில் எழுதிய செலவு

இந்தப் பேரேட்டில் இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. நபாபின் லாபம் யாருடைய பணம்?

ஆற்காடு நவாப் முகமது அலிக்குப் பணம் தேவைப்பட்டபோது மெட்ராஸில் இருந்த கம்பெனி ஊழியர்களே கடுமையான வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். பால் பென்ஃபீல்ட் என்பவர் இதில் முக்கியமான ஆள். கடனுக்கு ஈடு, கிராமங்களின் நிலவரி. அதாவது நவாப் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியது ஏர் பிடித்த விவசாயி! 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமென்டில் இந்த ஆற்காடு கடன் விவகாரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். பென்ஃபீல்ட் சேர்த்த சொத்தும் நிலைக்கவில்லை, 1810-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார். ஆனால் விவசாயி கட்டியது கட்டியதுதான். அது திரும்ப வரவில்லை.

கப்பல் ஏறலாமா என்று லண்டனில் யோசித்த இளைஞரின் கணக்கில் இந்த விவசாயிக்கு ஒரு வரி கூடக் கிடையாது. போகிற ஊரில் ஏற்கெனவே ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கில் வரவில்லை.

வந்தார்கள், தங்கவில்லை

1833 சட்டம் கம்பெனியின் லைசென்ஸ் இல்லாமலே ஆங்கிலேயர்கள் பெரும்பாலான பகுதிகளுக்கு வந்து வசிக்கவும் நிலம் வாங்கவும் வழி திறந்தது. 1858-ல் இந்தியாவில் ஐரோப்பியர்களைக் குடியேற்றுவது பற்றி ஆராய பார்லிமென்ட் ஒரு கமிட்டியே போட்டது. ஆனாலும் பெரிதாக யாரும் குடியேறவில்லை. 1901 சென்சஸ்படி இந்தியா முழுக்க ஐரோப்பியர்கள் சுமார் 1,70,000 பேர். மொத்த ஜனத்தொகை 29 கோடிக்கு மேல். 1788-ல்தான் முதல் கைதிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் அதே 1901-ல் சுமார் 37 லட்சம் பேர்.

அங்கேயும் வெயில்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ஆஸ்திரேலியாவில் அந்த மண்ணின் மக்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், ஏர் பிடிக்கவும் ஆடு மேய்க்கவும் வெள்ளைக்காரரே போனார். இங்கே அந்த வேலைகளுக்கு ஆள் நிறைய இருந்தார்கள். அதிகாரம் செய்ய மட்டும் கொஞ்சம் பேர் போதும். அந்தக் கொஞ்சம் பேருக்கும் வீடு என்றால் இங்கிலாந்துதான். ஐ.சி.எஸ். அதிகாரிக்கு 25 வருட சர்வீஸ் முடித்தால் வருடத்துக்கு 1,000 பவுண்டு பென்ஷன், அதை ஊரில் போய் அனுபவிக்கலாம். வசதி உள்ளவர்கள் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளைக் கூடப் படிப்புக்காகக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பம்பாயில் பிறந்த எழுத்தாளர் கிப்ளிங் 1871-ல் அப்படி அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது ஐந்து. இந்தப் பிரிவும் ஒரு செலவுதானே?

தங்கியவர்களும் உண்டு. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்றைக்கும் கடம்பத்தூர் வழியாக அரக்கோணம் வண்டி ஓடுவது அந்த வழியில்தான். ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே குடும்பம் நடத்தியவர்களின் வாரிசுகள் பலர் ஆங்கிலோ இந்தியர்களாக பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் வாழ்ந்தார்கள். 1947-க்குப் பிறகு அவர்களும் போகலாமா, இருக்கலாமா என்று அதே கணக்கைப் போட்டார்கள். பலர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள்.

பத்து பவுண்டு டிக்கெட்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரேலியா பிரிட்டிஷ்காரர்களைக் கூவி அழைத்தது. பெரியவர்களுக்குக் கப்பல் கட்டணம் வெறும் 10 பவுண்டு, குழந்தைகளுக்கு இலவசம். ஒரே நிபந்தனை, இரண்டு வருடம் தங்க வேண்டும். இல்லையென்றால் போக வந்த செலவு அவர்கள் தலையில். 1970-களின் தொடக்கம் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். விளம்பரத்தில் முதலிடம் எதற்குத் தெரியுமா? சூரியனுக்கு! மெட்ராஸ் கணக்கில் பற்றுப் பக்கத்தில் இருந்த அதே வெயில், இந்தக் கணக்கில் வரவுப் பக்கம் தாவிவிட்டது. மருந்தும் சுத்தமான தண்ணீரும் வந்துவிட்டால் வெயில் ஒரு வசதி.

இருந்தாலும் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஊர் திரும்பிவிட்டார். கேம்ப் வாழ்க்கை பிடிக்காதவர்கள், அம்மா அப்பாவை விட்டு இருக்க முடியாதவர்கள். வெயில் இருந்தது, வேலை இருந்தது, மனசு இல்லை.

கணக்கு சொல்லும் பாடம்

இந்த முந்நூறு வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மூன்று தவறுகள் தெரிகின்றன. முதல் தவறு, ஜெயித்துத் திரும்பியவரை மட்டும் பார்த்து வரவு எழுதியது. செத்தவர் வந்து சாட்சி சொல்வதில்லை. இரண்டாவது, கண்ணுக்குத் தெரிந்த வெயிலைப் பயந்து கண்ணுக்குத் தெரியாத கிருமியை விட்டது. மூன்றாவது, தன் லாபத்துக்கு வேறொருவர் கொடுத்த விலையை எழுதாமலே விட்டது.

இன்று திருவள்ளூர் பக்கத்திலிருந்து துபாய், சிங்கப்பூர் என்று கிளம்புகிறவர்களும் ஏஜென்டிடம் சம்பளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஊரில் மாடி வீடு கட்டியவரிடம் விசாரிக்கிறார்கள். நல்லதுதான். அதோடு, போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவரையும், போனவர் திரும்பாத வீடு ஒன்றையும் தேடிப் போய் விசாரித்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் சரியாக வரும்.