‘பிரதர்ஸ்’ முதல் ‘கலெக்டிவ்’ வரை

ஆடிக் கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சென்றிருந்தோம். ஒரகடத்திலிருந்து கோயில் வாசல் வரையிலும் சாலையின் இருமருங்கும் தட்டிகள். பாதி கட்சிக்காரர்களுடையவை. மீதியில் பல, கச்சேரி அறிவிப்புகள். ‘மாபெரும் இன்னிசை விருந்து’ என்று தொடங்கி, குழுவின் பெயர் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. ஒரு தட்டியின் அடிவிளிம்பில் மட்டும், சுவாமி புறப்பாடு ‘மேளதாளங்கள் முழங்க’ நடைபெறும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. முழக்குகிறவர் யார் என்பதற்கு அதில் இடமில்லை.

பெயர்கள் மாறுவது இவ்வூருக்குப் புதிதன்று. திருப்புகழில் வரும் கோடைநகர் என்பது இன்றைய வல்லக்கோட்டைதான். சுற்றிலும் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தபின் பேருந்து நிறுத்தங்களையே நிறுவனங்களின் பெயரால் கேட்டு இறங்கும் தடம் இது. தட்டிகளை வாசித்தபடி நடக்கையில், நம் இசைக்குழுக்கள் பெயர் சூட்டிக்கொண்ட முறைக்கும் ஒரு வரலாறு இருக்குமே என்று தோன்றியது.

முதலில் ஊர். நாகசுர மேதைகளை நாம் ஊரோடு சேர்த்தே அறிவோம்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம். ஊர் என்றால் பிறந்த ஊர் என்று கொள்ள வேண்டியதில்லை. ராஜரத்தினம் பிறந்தது திருமருகலில். திருவாவடுதுறை அவர் வாசித்த ஆதீனத்தின் பெயர். ஆக முன்னொட்டு என்பது ஒருவகையில் உத்தியோக முத்திரை. பின்னொட்டு சாதி. இடையில் அகப்பட்டுக்கொண்டிருந்தது மனிதனின் பெயர். தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த முழுக் குழுவுக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. ‘அவர் செட்’ என்றால் போதும்.

அடுத்து வந்தது உறவு. திருவீழிமிழலை சகோதரர்கள் உண்மையிலேயே உடன்பிறந்தோர். ஆனால் ஆலத்தூர் சகோதரர்கள் சகோதரர்கள் அல்லர்! சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தை வெங்கடேச ஐயரிடம் பயின்றவர் சீனிவாச ஐயர். ஒரே குருவின் மகனும் மாணவரும் இணைந்து பாடினார்கள், உலகம் அவர்களைச் சகோதரர்களாக்கிக்கொண்டது. குருகுலம் என்பதே குடும்பமாகக் கருதப்பட்ட காலத்தில் இதில் பொய் ஏதுமில்லை என்றே நினைக்கிறோம்.

இந்த உறவுமுறை மேடை மெல்லிசைக்குள் நுழைந்தபோது ஆங்கிலம் உடுத்திக்கொண்டது. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாட்டுகள் ஆற்றிய பணி இன்றும் பேசப்படுகிறது. தம்பியர் பாஸ்கர், ராஜா, அமர் ஆகியோர் உடன்சேர, குழு ‘பாவலர் பிரதர்ஸ்’ ஆயிற்று. செங்கொடி மேடையில் பாடிய குழு ‘தோழர்கள்’ என்று பெயர் கொள்ளாமல் ‘பிரதர்ஸ்’ என்று கொண்டதை எண்ணினால் புன்னகை வருகிறது. ‘பாவலர்’ என்னும் தூய தமிழ்ப் பட்டமும் ‘பிரதர்ஸ்’ என்னும் ஆங்கிலமும் கைகோத்து நின்ற அந்தப் பெயரில் ஐம்பது, அறுபதுகளின் தமிழகம் முழுவதுமே இருப்பதாகப்படுகிறது. ராஜா பின்னாளில் இளையராஜா ஆனார்.

உறவுப் பெயர் ஏன் இத்தனை காலம் நின்றது? நம் ஊகம் இது. தமிழகத்து மேடைக் குழுக்கள் பெரும்பாலும் பாடியவை திரைப்பாடல்கள். பாட்டு வேறொருவருடையது, எல்லாக் குழுக்களுக்கும் பொது. முன்பணம் கொடுக்கும் விழாக் குழுவுக்கு வேண்டியது ஒரு பொறுப்பாளி. அண்ணன் வராவிட்டால் தம்பி வருவான் என்ற உறுதி. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் லிவர்பூலில் கிளம்பிய பீட்டில்ஸ் தம் பாட்டைத் தாமே எழுதியவர்கள்; அவர்கள் பெயரில் ஒரு சொல்விளையாட்டு இருந்தது, பொறுப்பாளி இல்லை. பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் உண்மையான உடன்பிறப்புகளாயிருந்தும், தம் குழுவுக்கு ‘சகோதரர்கள்’ என்று பெயரிடவில்லை, ‘அலிகேட்ஸ்’ என்றார்கள். மலாய் மொழியில் பாடிப் புகழ்பெற்ற குழு அது. யாழ்ப்பாணத்திலோ ‘கோஷ்டி’ என்ற சொல் நிலைத்தது: கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி. (நம் பக்கத்தில் அச்சொல் அரசியல் பூசலுக்கு நேர்ந்துவிடப்பட்டது ஒரு சோகம்.)

1963-இல் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையருக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம் கிடைத்தது. அச்சொல்லின் செல்வாக்கில் ‘மெல்லிசைக் குழு’, ‘இன்னிசைக் குழு’ என்பன குடும்பப் பெயர்போல் எல்லாக் குழுக்களின் வாலிலும் ஒட்டிக்கொண்டன. ஏ.வி. ரமணன் தம் குழுவுக்கு இட்ட ‘மியூசியானோ’ என்ற பெயர் தனித்து ஒலித்தது. எந்த அகராதியில் அதற்குப் பொருள் தேடுவது என்று தெரியாது. ஆனால் நவீனமாக ஒலித்தது, அது போதுமாயிருந்தது. 2024-இல் மறைந்த உமா ரமணனின் குரல் வளர்ந்த மேடை அதுவே. ‘லஷ்மண் ஸ்ருதி’யில் தம்பியின் பெயரும் இசைச் சொல்லும் இணைந்தன. இராமன், இலட்சுமணன் என்ற உடன்பிறந்தாரின் குழு, ‘சகோதரர்கள்’ என்று சொல்லாமலே உறவைச் சொல்லிவிட்டது.

எண்பதுகளின் சென்னையில் ஒரு விரிசல் தெரிகிறது. திரையிசைக் கூடங்களில் பகலெல்லாம் பிறர் பாட்டுக்கு வாசித்த இளைஞர்கள் தமக்கென்று குழு தொடங்கினார்கள். ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் பிற்கால ஏ.ஆர். ரகுமானும் இருந்தார். அவரே தொடங்கிய இன்னொன்று ‘நெமிசிஸ் அவென்யூ’. ஆள் பெயரும் இல்லை, உறவும் இல்லை. எந்த விழாக் குழுவும் இப்பெயர்களைத் தட்டியில் எழுதியிருக்காது. ஆங்கிலம் இங்கே நாகரிகப் பூச்சு மட்டுமன்று. திரைப்பாட்டிலிருந்து சற்று விலகி நிற்பதற்கான மறைவிடமும்கூட.

அம்மறைவிடத்திலிருந்து தமிழுக்குத் திரும்பியது புலம்பெயர் வழியாக நிகழ்ந்தது என்பது சுவையானது. மலேசியாவில் ‘பொயட்டிக் அம்மோ’வில் இருந்த யோகி பி, பின்னர் ‘யோகி பி – நட்சத்ரா’வாக ‘வல்லவன்’ தொகுப்பை 2006-இல் வெளியிட்டார். 2005-இல் தொடங்கிய ‘ஹிப்ஹாப் தமிழா’வில் மொழியின் பெயரே குழுவின் பெயராயிற்று; அதுவும் விளிவேற்றுமையில். கேட்பவனை அழைக்கும் பெயர் அதற்குமுன் எந்தக் குழுவுக்கும் இருந்ததாக நினைவில்லை. கேரளத்தில் ‘அவியல்’, கொச்சியின் ஒரு பகுதியைச் சுட்டும் ‘தைக்குடம் பிரிட்ஜ்’. சென்னையில் ‘குரங்கன்’, ‘ஊர்கா’. சமையற்கட்டும் தெருமுனையும் பெயர் தரத் தொடங்கின. சொந்தப் பாட்டு வந்ததும் பொறுப்பாளியின் பெயர் உதிர்ந்துவிட்டது.

ஆனால் இதுவரை சொன்னவை எல்லாம் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை உடையவர்களின் கதை. பறையடித்தவர்களுக்குப் பெயர் வைத்தது ஊர். கருவியின் பெயரே சாதியின் பெயராக, சாதியின் பெயரே வசையாக அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. ‘சக்தி’, ‘புத்தர் கலைக்குழு’ என்று பறையிசைக் குழுக்கள் தமக்குத் தாமே பெயரிட்டபோது நிகழ்ந்தது, பெயர் மாற்றம் அன்று, முதன்முறையாகப் பெயரிடல். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் இணைந்து உருவாக்கிய பத்தொன்பது பேர் குழு மேடையேறியது: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்னும் அடைமொழியிலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. ‘பிள்ளை’, ‘ஐயர்’ என்று பின்னொட்டில் சாதியைச் சுமந்து தொடங்கிய வரிசையில், சாதியின்மையே பெயராக வந்து நின்றது இங்கேதான். பண்டிதரின் தமிழ்ச்சொல்லையே வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் நம்மில் சிலருக்கு உண்டு. ஆங்கிலத்தில் சொன்னால்தான் சிலருடைய காதில் ஏறும் என்பது மற்றவர்களின் வாதம். எங்களுக்குள் இது தீரவில்லை.

வல்லக்கோட்டையிலிருந்து திரும்பும்போது சாலையோரப் புளியமரத்தடியில் நான்கைந்து இளைஞர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இருவர் ஏதோ தொழிற்சாலையின் சீருடைச் சட்டையில் இருந்தார்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டுமாம். குழுவுக்கு என்ன பெயர் என்று கேட்டோம்.

“இன்னும் வெக்கல சார். ஆளுக்கொண்ணு சொல்றானுங்க.”