ஆற்றல் திறன் திட்டங்களின் பயனை மதிப்பிடுதல்

வெளிச்சமும் குளிர்ச்சியும் உற்பத்தியும் குறையாமல், அவற்றுக்கு ஆகும் மின்சாரத்தையும் எரிபொருளையும் குறைப்பதே ஆற்றல் திறன் திட்டங்களின் நோக்கம். மின்கருவிகளுக்கு நட்சத்திரக் குறியீடு, பழைய கருவியை மாற்ற மானியம், கட்டட விதிகள், ஆலைகளுக்கு இலக்கு என இவை பல வகைப்படும். எவ்வளவு மிச்சமானது, அது திட்டத்தால் வந்ததுதானா, போட்ட பணத்துக்குத் தகுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவது மதிப்பீடு.

மின்மீட்டர் செலவான யூனிட்டைத்தான் காட்டும்; மிச்சமான யூனிட்டைக் காட்டாது. திட்டம் வராமல் இருந்திருந்தால் ஒரு வீட்டில் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதைக் கணித்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கணிப்பை எப்படிச் செய்வது என்பதில்தான் மதிப்பீட்டு முறைகள் வேறுபடுகின்றன.

எளிய முறை, கருவியின் வாட் அளவை வைத்துக் கணக்குப் போடுவது. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் 36 கோடிக்கும் அதிகமான எல்இடி பல்புகளைக் குறைந்த விலைக்கு விற்றது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்இடி மாட்டி, ஆண்டில் 300 நாள், நாளுக்கு 4 மணி நேரம் எரித்தால் 61 யூனிட் மிச்சமாகும். அதே இடத்தில் முன்பு 14 வாட் சிஎஃப்எல் இருந்திருந்தால் மிச்சம் 6 யூனிட்தான். வாங்கிய பல்பு அலமாரியிலேயே கிடந்தால் எதுவும் மிச்சமில்லை. இதுவரை விளக்கே இல்லாத திண்ணையில் மாட்டினால் செலவு கூடும், அந்த வீட்டுக்கு வெளிச்சமும் கூடும். விற்ற பல்புகளின் எண்ணிக்கையை ஒரே எண்ணால் பெருக்கும் கணக்கில் இந்த நான்கு வீடுகளும் ஒன்றாகிவிடுகின்றன. மறுபுறம், மொத்தக் கொள்முதலால் ஒரு பல்பின் கொள்முதல் விலை 2014இல் இருந்த 310 ரூபாயிலிருந்து 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கடையில் விலை குறைந்ததைக் கண்டு திட்டத்துக்கு வெளியே எல்இடி வாங்கியவர்களின் மிச்சம் பல்புக் கணக்கில் வராது. அதே காலத்தில் உலகெங்கும் எல்இடி விலை சரிந்துகொண்டிருந்ததால், விலை இறக்கம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதுவதும் தவறு.

அடுத்த முறை, மின்கட்டணப் பதிவுகளைப் பார்ப்பது. இதன் வலிமையை மெக்சிகோ நன்கு காட்டுகிறது. 2009 முதல் 2012 வரை அங்கே சுமார் 19 லட்சம் வீடுகள் அரசு உதவியுடன் பழைய ஃபிரிட்ஜையோ ஏசியையோ கொடுத்துவிட்டுப் புதிது வாங்கின. கருவி மாற்றிய வீடுகளின் மின்கட்டணப் பதிவுகளை மாற்றாத வீடுகளின் பதிவுகளோடு லூகாஸ் டேவிஸ், ஆலன் ஃபுக்ஸ், பால் கெர்ட்லர் ஆகிய பொருளியலாளர்கள் ஒப்பிட்டனர். ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின்நுகர்வு 8 விழுக்காடு குறைந்திருந்தது. இது முன்பு கணித்ததில் ஏறக்குறைய கால் பங்கு. ஏசி மாற்றிய வீடுகளிலோ நுகர்வு கூடியிருந்தது. புதிய ஃபிரிட்ஜ்கள் பெரியவை, வசதிகள் மிகுந்தவை. ஒப்படைக்கப்பட்ட பழையவற்றில் பல, கணிப்பில் கருதிய அளவுக்குப் பழையவை அல்ல. ஏசியை ஓட்டும் செலவு குறைந்ததும் மக்கள் கூடுதல் நேரம் ஓட்டினர். வெயிலில் வாடிய குடும்பத்துக்கு அது நன்மைதான். ஆனால் மின்சார மிச்சம் என்று அதை எழுத முடியாது. திறன் கூடும்போது பயன்பாடும் கூடும் இந்த மீள்விளைவை, நீராவி இயந்திரங்களையும் நிலக்கரியையும் வைத்து 1865இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எடுத்துக்காட்டினார்.

ஆனால் கட்டணப் பதிவு ஒப்பீட்டிலும் ஒரு குறை உண்டு: திட்டத்தில் தாமாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் முன்பே சிக்கனத்தில் அக்கறை உள்ளவர்கள். மானியம் இல்லாவிட்டாலும் சிலர் புதிய கருவி வாங்கியிருப்பார்கள். இவற்றின் தாக்கத்தைப் பிரித்தறிய உள்ளவற்றில் மிக நம்பகமான வழி, குலுக்கல் முறையில் குழு பிரிப்பது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஏழைகளின் வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்து, இடுக்குகளை அடைத்து, பழைய சூடேற்றிகளை மாற்றித் தரும் அரசுத் திட்டத்தை மெரிடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் உல்ஃப்ரம் மூவரும் இவ்வாறு ஆராய்ந்தனர். சுமார் 30,000 குடும்பங்களில் ஒரு பகுதியைக் குலுக்கலில் தேர்ந்து, திட்டத்தில் சேரும்படி வீடு தேடிச் சென்று ஊக்குவித்தனர். பொறியியல் கணிப்பு உண்மை மிச்சத்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது; ஆன செலவும் மிச்சமான ஆற்றலின் மதிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டுக்குள் வெப்பநிலை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்பதால் பழியை மீள்விளைவின் மேல் போட வழியில்லை. பிழை பெரும்பாலும் கணிப்பு மாதிரியிலேயே இருந்ததாகத் தெரிகிறது.

ஆலைகளில் இப்படிக் குலுக்கிப் பிரிப்பது கடினம். இந்தியாவின் பாட் திட்டத்தின் முதல் சுற்றில், 2012 முதல் 2015 வரை, எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு ஆற்றல் சேமிப்பு இலக்கு தரப்பட்டது. மொத்த இலக்கு எண்ணெய்க்கு நிகரான அளவில் 66.86 லட்சம் டன்; எட்டியதாக அறிவிக்கப்பட்டது 86.7 லட்சம் டன். உற்பத்தி அளவும் மூலப்பொருளின் தரமும் மாறினால் அதற்கேற்பத் திருத்தம் செய்யும் விதிகள் உண்டு. அவை இல்லாமல் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனாலும் இந்த எண்கள் ஆலைகள் மேம்பட்டதைச் சொல்கின்றனவே தவிர, அதில் எவ்வளவு பாட் திட்டத்தால் வந்தது என்று சொல்வதில்லை. எரிபொருள் செலவுக்கு அஞ்சியே சிமென்ட் ஆலைகள் போன்றவை தாமாகவும் திறனைக் கூட்டிவந்தன. இலக்கைத் தாண்டியதற்கு இலக்கு எளிதாக இருந்ததும் காரணமாகலாம்.

செலவுக்குத் தகுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. கலிபோர்னியா 1983இல் வெளியிட்ட வழிகாட்டி, திட்டத்தில் சேர்ந்தவர், மின் நிறுவனம், மற்ற மின் நுகர்வோர், சமூகம் எனத் தரப்புக்கு ஒரு கணக்குப் போடச் சொன்னது. மானியத்தால் ஒருவரின் மின்கட்டணம் குறையும்போது, அந்தச் செலவு மற்றவர்களின் கட்டணத்தில் ஏறலாம். எனவே எந்தத் தரப்பின் கணக்கு என்பதை மதிப்பீட்டு அறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மிச்சம் எத்தனை காலம் நீடிக்கும் என்பதும் கணக்கில் சேரும். அண்டை வீடுகளோடு ஒப்பிட்டு மின்நுகர்வைக் காட்டும் கடிதங்களை அமெரிக்காவின் ஓபவர் நிறுவனம் அனுப்பியபோது, குலுக்கல் முறைச் சோதனைகளில் நுகர்வு சராசரியாக 2 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கடிதத்தை நிறுத்திய வீடுகளில் அந்த விளைவு ஆண்டுக்கு 10 முதல் 20 விழுக்காடு வீதம் தேய்ந்தது. கூரைக்குள் வைத்த வெப்பக்காப்போ பல பத்தாண்டுகள் இருக்கும். ஆகவே முதலாண்டு மிச்சத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிட்டால், மலிவான கடிதம் இருப்பதைவிடச் சிறப்பாகவும் வெப்பக்காப்பு இருப்பதைவிட மோசமாகவும் தெரியும்.