லோடு கிளம்ப ஓர் ஓடிபி

2025 ஏப்ரல் 1 முதல், பீளமேட்டு பம்ப் கம்பெனியானாலும் பல்லடத்து விசைத்தறிக் கூடமானாலும், வெறும் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில்லைப் போடும் தளத்துக்குள் நுழைய முடியாது. கூடவே ஓடிபியும், அதாவது ஒருமுறைப் பாஸ்வேர்டும், வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023-லேயே வந்த கட்டாயம் இது. 2025 ஜனவரியில் 20 கோடி, பிப்ரவரியில் 5 கோடி என்று இறங்கி, ஏப்ரலில் எல்லோருக்குமானது.

கொங்கு வட்டாரத்துக்கு இது சின்ன மாற்றமல்ல. திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம் என்று சரக்கு பல கை மாறுகிறது. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் 2018 ஜூனில் இ-வே பில் வந்தபோது, பல ஆபீஸ்களில் ஒரே யூசர் ஐடியை முதலாளி, அக்கவுண்டன்ட், ஆடிட்டர் ஆபீஸ் பையன் என எல்லோரும் பயன்படுத்தினார்கள். நம்பிக்கையில் ஓடும் தொழில். பாஸ்வேர்டும் அப்படியே ஓடியது.

ஓடிபி பிறந்ததோ செல்போன் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, வேறொரு பயத்தில். கம்பி வழியே போகும் பாஸ்வேர்டை யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது? 1981-இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் ஒரு வழி சொன்னார். ஒரு ரகசியத்தைத் திரும்பிப் போக முடியாத ஒரு கணக்கில் ஆயிரம் முறை போட்டு, கடைசி விடையை மட்டும் சர்வரிடம் கொடுக்க வேண்டும். முதல் முறை நுழையும்போது 999-ஆவது விடையைச் சொன்னால், சர்வர் அதை இன்னொரு முறை கணக்கில் போட்டுச் சரிபார்க்கும். அடுத்த முறை 998-ஆவது. ஒட்டுக்கேட்டவனிடம் இருப்பது செல்லாத விடை. சர்வரையே திருடினாலும் அடுத்த விடை கிடைக்காது. எவ்வளவு அழகான யோசனை!

அதை வைத்துத்தான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வகமான பெல்கோர் எஸ்/கீ என்ற ஓடிபி முறையை உருவாக்கியது. ஒவ்வொரு விடையும் ஆறு குட்டி ஆங்கிலச் சொற்கள். வெளியூர் போகிறவர்கள் அவற்றைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போகலாம். 1994-இல் இணையத்தில் பாஸ்வேர்டுகள் பெருமளவில் ஒட்டுக்கேட்கப்பட்டபோது, ஒருமுறைப் பாஸ்வேர்டுக்கு மாறும்படி அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் அறிவுறுத்தியது.

இந்தியாவில் ஓடிபிக்குக் கதவைத் திறந்தது ரிசர்வ் வங்கி. இணையத்தில் கார்டு வழியே பணம் கட்ட, 2009 ஆகஸ்ட் 1 முதல் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம் என்றது. முதலில் பல வங்கிகள் இன்னொரு நிலையான பாஸ்வேர்டையே கேட்டன. பிறகு அந்த இடத்தை எஸ்எம்எஸ் ஓடிபி பிடித்தது. நாடு அதை எவ்வளவு நம்பிவிட்டது என்பது 2021 மார்ச்சில் தெரிந்தது. வணிக எஸ்எம்எஸ்களை வடிகட்டும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி அமலானதும் ஓடிபிகள் வராமல் வங்கிச் சேவை முதல் ஆதார் வரை தடுமாறின. விதியை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்த ஓடிபி லாரிக்கும் வந்துவிட்டது. லோடு ஏற்றியாயிற்று, வண்டி நம்பரும் தயார். ஓடிபி மட்டும் முதலாளி போனில். "ஏனுங்ணா, ஓடிபி வந்துருக்குதுங்ளா?" என்று கூப்பிட்டுக் கேட்டு, வாட்ஸ்அப்பில் வாங்கி பில் போடுவது ஆபத்தான பழக்கம். போனில் ஓடிபி சொல்வது சகஜமாகிவிட்டால், மோசடிக்காரன் கேட்கும்போதும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

இதற்குத் தளத்திலேயே வழி இருக்கிறது. பில் போடுகிறவரைத் தனி சப்-யூசராக்கி, அவருடைய எண்ணையே பதிவு செய்யலாம். என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியை வைத்துக்கொண்டால் எஸ்எம்எஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும், இணையமும் தேவையில்லை. போனில் நேரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த சப்-யூசரை மட்டும் முடக்கிவிடலாம்.