குண்டு விழுந்த வரை எங்கள் ஊர்

கடலூர் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதென்ன 'குண்டு' என்று கேட்டால் கதை 1690-க்குப் போகிறது.

அப்போது செஞ்சியில் சிவாஜியின் மகன் ராஜாராம். முகலாயரோடு போர், கையில் பணமில்லை. தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார். பேரம்தான் விசித்திரம்: கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி! கம்பெனி விடுமா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் வரவழைத்துச் சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்க்காரர்கள் கம்பெனியின் குடிகள் ஆனார்கள். அவர்களை யார் கேட்டது?

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, 1752 வரை இந்தச் சின்ன ஊர்தான் கம்பெனிக்குத் தலைமையிடம். 1758-ல் லாலி வந்து கோட்டையை இடித்துத் தள்ளினார். ஊர்ப்பெயரில் இருக்கிற குண்டை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை.