குடியானவன் வீட்டுச் சரித்திரம்

கோட்டைக்குச் சரித்திரம் உண்டு, கோபுரத்துக்கும் உண்டு. குடியானவன் வீட்டுக்கு என்ன பெரிய சரித்திரம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நியூயார்க் நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது.

அந்த நகரத்தில் பென்ஸில்வேனியா ரயில் நிலையம் என்று ஓர் அற்புதமான கட்டடம் இருந்தது. 1963-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். ஜனங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த வேதனையின் விளைவாக, பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று 1965-இல் ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டப்படி தயாரான பட்டியலில் முதல் இலக்கத்தைப் பெற்றது எது தெரியுமா? மாளிகையல்ல, மாதாகோயிலும் அல்ல. புரூக்ளின் பகுதியில் இருக்கும் வைக்காஃப் குடும்பத்தின் பண்ணை வீடு!

வீட்டுக்குரியவன் கதையைக் கேளுங்கள். பீட்டர் கிளாசன் என்ற வாலிபன் 1637-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தான். அப்போது அந்தப் பிரதேசம் டச்சுக்காரர்களின் குடியேற்றம். கையில் காசில்லாத பீட்டர், ஒரு பெரிய பண்ணையில் ஒப்பந்தக் கூலியாகச் சில வருஷங்கள் உழைத்துக் கொடுத்தான். ஒப்பந்தம் முடிந்தது, கல்யாணம் ஆயிற்று, பதினொரு குழந்தைகள் பிறந்தன. கூலியாக வந்தவன் நிலக்காரனாகி, ஊரில் நியாயம் வழங்கும் பதவிக்கும் உயர்ந்தான்.

கிளாசன் என்றால் கிளாஸின் மகன் என்று பொருள். நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சுமப்பது போலத்தான். 1664-இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகு, வம்சத்துக்கென்று நிலையான ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்போது வைத்துக்கொண்டதுதான் வைக்காஃப்.

வீடு 1652 வாக்கில் எழும்பியது என்பது வழக்கமான கணக்கு. முதலில் ஒரே அறை, மண்ணை இடித்துக் கெட்டித்த தரை, கண்ணாடியில்லாத ஜன்னல், சமையலுக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரே அடுப்பு. பிள்ளைகள் பெருகப் பெருக அறைகளும் பெருகின. பின்னால் வந்த தலைமுறைகள் இழுத்துக் கட்டிய பகுதிகளும் சேர்ந்ததுதான் இன்று நாம் காணும் வீடு. மரச் சில்லுகளை அடுக்கி மூடிய சுவரும், முன்பக்கம் சற்றே வளைந்து இறங்கும் கூரையும் டச்சுக் குடியானவர்களின் கைவரிசையைச் சொல்லும். அரண்மனையை ஒரு ராஜா ஒரு காலத்தில் கட்டிவிட்டுப் போகிறான். குடும்ப வீட்டையோ தலைமுறைகள் கட்டுகின்றன.

ஆனால், உழைத்து முன்னேறியவன் வீடு என்று மெச்சிவிட்டு அதோடு நின்றுவிட்டால் பாதிச் சரித்திரம்தான் சொன்னதாகும். அந்த மண் முதலில் லெனாப்பே என்னும் பூர்வகுடிகளுடையது. அதில் பயிரிட்டவர்களும் வைக்காஃப்கள் மட்டுமல்லர். ஆப்பிரிக்க அடிமைகளின் வியர்வையும் அங்கே சிந்தியிருக்கிறது. 1790-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி, புரூக்ளின் அடங்கிய கிங்ஸ் மாவட்டத்தில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் அடிமை. நியூயார்க் மாகாணத்தில் அடிமைமுறை அடியோடு ஒழிந்தது 1827-இல்தான். மூதாதையின் கூலி ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அவன் சந்ததியாரிடம் அடிமைப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு கதைகளும் நடந்திருக்கின்றன. வீடு இடிந்திருந்தால் குடும்பத்தின் பெருமையோடு இந்த உண்மைக்கு இருந்த சாட்சியும் மண்ணாகியிருக்கும்.

1901 வரை அந்த வம்சத்தார் வீட்டைக் கையில் வைத்திருந்தார்கள். பிறகு அது கைமாறியது. வயல்கள் மனைகளாயின, மனைகள் தெருக்களாயின. நல்லவேளை, வம்சத்தார் 1937-இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1961-இல் வீட்டை மீட்டார்கள். பூட்டி வைத்துக்கொண்டு பெருமை பேசாமல் 1969-இல் அதை நகரத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1982-இல் பழுது பார்க்கப்பட்ட அந்த வீடு இன்று ஒரு பொருட்காட்சி சாலை. சுற்றியுள்ள துண்டு நிலத்தில் இன்றும் காய்கறி பயிராகிறது. பக்கத்துத் தெருக்களில் வசிப்பவர்களுக்கு அங்கே தோட்ட வேலை பழகவும் இடமுண்டு.

ஒரு பழைய வீட்டின் மதிப்பை மனையின் விலையைக் கொண்டு கணக்கிடுவோர் எந்த ஊரிலும் உண்டு. அந்தக் கணக்கில் கூரை ஓட்டை, தேய்ந்த வாசற்படி எல்லாம் நஷ்டம். சரித்திரத்தின் கணக்கிலோ, அந்த வாசற்படியைத் தேய்த்த கால்கள்தான் முதல். எஜமானன் கால் எது, அடிமையின் கால் எது என்று தேய்ந்த படி பிரித்துக் காட்டுவதில்லை. அதை நாம்தான் கேட்டறிய வேண்டும். கேட்பதற்குப் படி மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.