றங்குப் பெட்டியும் பிரஜாவுரிமையும்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தகரப் பெட்டி இல்லாத லயக் காம்பிராவை நான் கண்டதில்லை. றங்குப் பெட்டி என்றும் சொல்வார்கள். மேலே பச்சை அல்லது நீலப் பூச்சு, முன்புறம் ஒரு நாதாங்கி, மூடியின் உட்புறத்தில் முருகன் படமும் அதன் பக்கத்திலேயே எம்.ஜி.ஆர். படமும். உள்ளே நகை இருக்கும் என்று நினைப்பவர்கள் தோட்டத்தை அறியாதவர்கள். நகை பெரும்பாலும் அடகுக் கடையில் இருக்கும். பெட்டியில் இருப்பவை கடதாசிகள்.

வெறும் கடதாசியைக் காக்க இரும்புத் தகடு ஏன் தேவைப்பட்டது என்று விளக்கப் புகுந்தால் மலையகத் தமிழரின் சரித்திரத்தில் பாதியைச் சொல்லவேண்டிவரும்.

இம்மக்களின் வாழ்வில் உலோகம் முதலில் வேறொரு வடிவத்தில் வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமங்களுக்கு ஆள்சேர்க்கச் சென்ற கங்காணிகள் 'தகர டிக்கட்' என்ற சிறு வில்லைகளைக் கொண்டு சென்றார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வைத்திருப்பவரைத் தோட்டத்தின் செலவில் கப்பலேற்றி உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தச் செலவு பின்னர் அவர் பெயரில் கடனாக ஏறும். பார்சலுக்கு விலாசம் ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வந்தவர் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைத் தகரம் சொல்லியது. அவர் எந்த நாட்டுக்குரியவர் என்ற கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி 1948இல் வந்தது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். கொழும்பில் மாளிகை வைத்திருந்த எத்தனை பேரால் பாட்டனுக்குத் தகப்பன் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டியிருக்க முடியும்? ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் ஊவாவின் மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள்.

அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர்கள் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை நிரூபித்தால் பதிவுப் பிரஜையாகலாம் என்றது அது. முதலில் பகிஷ்கரித்த இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1951 ஆகஸ்டில் காலக்கெடு முடிவதற்குள் மக்களை விண்ணப்பிக்கச் செய்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

நிராகரிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களை வாசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இடையில் ஊருக்குப் போய்வந்தாயா? செக்ரோலில் 'ராமாயி', பிறப்புப் பத்திரத்தில் 'இராமாய்', இருவரும் ஒருவரா? பெயரை எழுதியவர் தோட்டத்துக் கிளாக்கர். அதற்குப் பதில் சொல்லவேண்டியவளோ எழுதப் படிக்கத் தெரியாத ராமாயி. இந்தக் காலத்தில்தான், பிள்ளை பிறந்த துண்டு, பள்ளிக்கூடச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, துரை கையெழுத்திட்ட கடிதம் எதையும் வீசக்கூடாது என்ற பாடத்தைத் தோட்டம் கற்றுக்கொண்டது. விளங்காத கடதாசியாக இருந்தால் இன்னும் பத்திரமாக வைத்தார்கள்.

பத்திரமாக வைப்பதற்கு லயம் உகந்த இடமன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. அதற்குள்ளேயே அடுப்பு, புகை, கூரையின் ஒழுக்கு, மண்தரையின் ஈரம், கறையான், எலி. இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அதே தோட்டத்தின் தொழிற்சாலையில் தேயிலைத்தூளுக்கு ஈரம் பிடிக்காதிருக்க மரப்பெட்டியின் உட்புறத்தில் உலோகத்தாள் பொதிந்து, விளிம்புகளுக்குத் தகரப் பட்டி அடித்துக் கப்பலேற்றினார்கள். லண்டனுக்குப் போகும் தூளுக்குக் கிடைத்த பாதுகாப்பைத் தூளை உண்டாக்கியவர் தமது பிறப்புப் பத்திரத்துக்குத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே பெட்டி தெரிந்தெடுப்பதில் பெரியவர்கள் கண்ணுங்கருத்துமாக இருந்தார்கள். தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். மூலைகள் மடித்து ஆணி அறையப்பட்டுள்ளனவா, மூடி பெட்டிக்கு வெளியே இறங்கி மூடுகிறதா என்று பார்ப்பார்கள். மூடி உள்ளே இறங்கினால் ஒழுகும் தண்ணீரும் கூடவே இறங்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பின் அடியில் இரண்டு செங்கல். கடதாசியைப் பழைய சேலைத்துணியில் சுற்றியே வைப்பார்கள், தகட்டின் துரு கடதாசிக்கு ஏறிவிடும் என்பதால். தகடு வெளி அடியைத் தாங்கும், உள்ளிருப்பதைத் துணிதான் காக்கும் என்பதை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கி, ரயிலேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனவர்களோடு அந்தப் பெட்டிகளும் போயின. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் அவற்றில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பூச்சின் கீழ் மங்கலாகத் தோட்டத்தின் பெயர். உள்ளே இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும்.

போகாதவர்களின் பெட்டிகள் வேறு சோதனைகளைக் கண்டன. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது தகரம் உருகாவிட்டாலும் உள்ளிருந்தவை கருகின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்க முன்வந்தபோது அதன் அளவுகோலும் 1964 அக்டோபர் 30தான்: அன்றுமுதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவர்கள், அல்லது அவர்களின் வழித்தோன்றல்கள். மீண்டும் பெட்டிகள் திறக்கப்பட்டன.

மலையே சரிந்தால் எந்தப் பெட்டியும் நிற்காது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, உயிர் தப்பியவர்கள் தாங்கள் இன்னார் என்று சொல்லக்கூட ஒரு துண்டும் இல்லாமல் நின்றார்கள்.

இன்றைய இளைஞர்கள் குடும்பப் பத்திரங்களைப் படம்பிடித்துக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். அதைக் காக்கவென்று தடித்த உலோக உறை வாங்குவோரும் உண்டு. இரும்பே காவல் என்பது நமக்கு வழிவழியாக வந்த நம்பிக்கை போலும். ஆனால் கைத்தொலைபேசி றங்குப் பெட்டியன்று. முதுகை முழுவதும் மூடும் உலோகத்தகடு வானொலி அலைகளை மறிக்கும். சிக்னல் ஏற்கெனவே பலவீனமாயுள்ள மலைப்பள்ளங்களில் அது உள்ளதையும் கெடுக்கும். கம்பியில்லா மின்னேற்றமும் நடவாது. விழும்போது அதிர்ச்சியை உறிஞ்சுவது உலோகமன்று, உள்ளே உள்ள றப்பர்; சேலைத்துணி செய்த அதே வேலை. உலோகமில்லாத றப்பர் உறையே போதும்.

எந்த உறையும் தொலைந்த தொலைபேசியைக் காக்காது. படமும் மூலப் பத்திரமாகிவிடாது. ஆனால் பிறப்புப் பத்திரத்தின் இலக்கமும் பதிவுத் திகதியும் படத்தில் தெளிவாகத் தெரிந்தால், பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுப்பது இலகு. அந்தப் படத்தின் இன்னொரு பிரதி வேறோர் ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் அனுப்பிவிடுங்கள்.