பூட்டிய வண்டி

திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரை ஊர்களில், வயதானவர் ஒருவர் ‘வண்டியப் பூட்டியாச்சு’ என்றால் கிளம்பத் தயார் என்று பொருள். நுகத்தடியில் மாடு ஏறிவிட்டது. ஆள் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி. அதையே அவர் பேரன் சொன்னால், காரை நிறுத்திவிட்டு இறங்கியாயிற்று, சாவி சட்டைப்பையில் இருக்கிறது. தாத்தாவுக்குப் புறப்பாடாக இருந்த வினை பேரனுக்கு முடக்கம்.

இரண்டில் மூத்தது தாத்தாவின் பொருள். காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு, அதே வரிசையில் பூண் என்பதிலிருந்து பூட்டு. பூணச் செய்வதுதான் பூட்டுவது. ஏர் பூட்டினார்கள், தேரில் குதிரை பூட்டினார்கள், வில்லில் நாண் பூட்டினார்கள். கல்யாணப் பத்திரிகையில் தாலி கட்டும் நேரத்தைத் ‘திருப்பூட்டு’ என்று போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இவை எதிலும் மூடுவது, மறிப்பது என்ற எண்ணமே கிடையாது. ஒன்றை இன்னொன்றோடு சேர்ப்பதுதான் வேலை. கதவுச் சங்கிலியை நிலையோடு சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புச் சாமான் வந்தபோது அதற்கும் அந்தப் பெயரே பொருந்திப் போயிருக்க வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு செய்வதும் வளையத்தோடு வளையத்தைச் சேர்க்கிற வேலைதான்.

மறிப்பதற்கென்று தனிச்சொல் இருந்தது: தாழ். அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே அது வந்துவிடுகிறது. தாழைத் திறக்கும் கோல் தாழக்கோல். தாழ் என்ற சொல்லோடு கோல் புணரும்போது நடுவில் அக்குச் சாரியை வரலாம் என்று தொல்காப்பியத்தின் புள்ளி மயங்கியல் இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு வீட்டுச் சாமானுக்காக இலக்கணக்காரர் தனி விதி எழுதுகிறார் என்றால், அது நித்தம் புழங்கிய சொல்லாகத்தான் இருந்திருக்கும். மலையாளத்தில் இன்றும் சாவி தாக்கோல், பூட்டு தாழ். நாம் தாழ்ப்பாளை மட்டும் வைத்துக்கொண்டு கோலைக் கைவிட்டுவிட்டோம்.

காரில் சாவி திரும்பாமல் நிற்கிறபோது இந்தப் பழைய சொற்களெல்லாம் சாவி போடும் ஒரே குழலுக்குள் வந்து சேர்ந்துகொள்கின்றன. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டுகிறோம். முன்சக்கரம் ஒரு கல்லில் சாய்ந்து நிற்கிறது. சாவியை உருவிவிட்டு, ஸ்டேரிங்கைப் பிடித்தபடி இறங்குகிறோம். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். டீ குடித்துவிட்டு வந்து சாவியைப் போட்டால், போகிறது; சுற்றவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டால் அவர் வண்டியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்: ‘ஸ்டேரிங் லாக் ஆயிருக்கும் சார். லேசா இப்படி அப்படி ஆட்டிக்கிட்டே திருப்புங்க.’

சாவியை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ள, ஒரு சிறு இரும்பு முளை ஸ்டேரிங் தண்டை நோக்கி நீளும். தண்டில் உள்ள பள்ளம் நேரே வந்ததும் அதில் போய் விழும். திருடன் கம்பியை இணைத்து வண்டியைக் கிளப்பினாலும் திருப்பி ஓட்ட முடியாது. அமெரிக்காவில் 1970 முதல் தயாரான கார்களுக்கு இந்த மாதிரித் தடுப்பு சட்டப்படி கட்டாயமானது. பழைய வீட்டுக் கதவில் விழுந்து மறித்த தாழேதான் இது, ஆள்தான் சிறுத்துவிட்டது. சக்கரம் கல்லில் சாய்ந்திருந்தால் தண்டு ஒரு பக்கமாக முறுக்கி முளையை நசுக்கிக்கொண்டிருக்கும். நசுங்கிய முளை பின்வாங்காது. அது பின்வாங்காமல் சாவி சுற்றாது. ஸ்டேரிங் எந்தப் பக்கம் கொஞ்சம் இளக்கம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்து, மறுகையால் சாவியை மெல்லத் திருப்பினால் விடும். குறடு போட்டுத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவி முறிந்து பாதி உள்ளே நின்றுவிட்டால் அப்புறம் அது வேறு செலவு.

ஸ்டேரிங் தாராளமாக ஆடுகிறது, ஆனாலும் சாவி சுற்றவில்லை என்றால் கோளாறு ‘பேரல்’ எனப்படும் உருளையில். அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொன்றையும் சரியான மட்டத்துக்கு இழுக்க வேண்டும். ஒரே ஒரு தகடு மயிரிழை துருத்தினாலும் உருளை நகராது. சாவி தேய்ந்தால் இது நடக்கும், தகடு தேய்ந்தாலும் நடக்கும், தூசி அடைத்தாலும் நடக்கும். அரியலூரில் தூசிக்குப் பஞ்சமா? 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் சுரங்கங்களும் சுற்றிலும் பரவின. கல்லங்குறிச்சிப் பகுதிச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் சிப்பிப் படிவம். லாரி கிளப்பும் வெள்ளைப் புழுதியில் அந்தச் சிப்பிகளும் கலந்துதான் பறக்கின்றன. சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடுவது நம் கைவைத்தியம்; இந்த ஊருக்கு அது ஆகாது. எண்ணெயும் புழுதியும் குழைந்து உள்ளே பிசினாகிவிடும். கிராபைட் தூள்தான் சரி. அது இல்லாவிட்டால், பென்சில் கரியைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்து நாலைந்து தடவை போட்டு எடுக்கலாம்.

இனி, கையில் இருக்கிற சாவி. போர்ச்சுகீசிய மொழியில் சாவே; அதற்குத் தாய் லத்தீன் கிளாவிஸ். ஜன்னல், அலமாரி, மேசை, கிராதி எல்லாம் அதே கப்பலில் வந்த சரக்கு. வீட்டின் மரச்சாமானுக்கும் இரும்புச்சாமானுக்கும் எவ்வளவு பெயரை அவர்களிடமிருந்து வாங்கியிருக்கிறோம் என்பது ஆச்சரியம்தான். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கி அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். பிறந்த மொழியில் அவருக்கு அது கியாவே, போர்ச்சுகல் அரசின் ஆதரவில் இயங்கிய மிஷனின் மொழியில் சாவே. 1732-இல் சதுரகராதி தொகுத்தவர் அவர். ஆனால் சாவியைக் கொண்டுவந்தவர் என்று அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை. அவர் வந்தபோது போர்ச்சுகீசியர் மேற்குக் கரையில் இறங்கி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஏலாக்குறிச்சி வயலில் சாவி என்று இன்னொரு சொல் முன்பே காத்திருந்தது. மணி பிடிக்காத நெல்லும் சாவிதான். அது ‘சா’ என்ற வினையிலிருந்து வந்த தமிழ்ச்சொல். ‘இந்த வருசம் பயிர் சாவியாப் போச்சு’ என்று அங்கே ஒருவர் சொன்னால், பூட்டுக்கடைக்குப் போய்ப் பயனில்லை. பூட்டின் சாவிக்குத் திறவுகோல் என்ற நல்ல சொல்லைத் தமிழ் பைபிள் தூக்கி வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழர் திறப்பு என்று சுருக்கிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள். இங்கே சாவிதான் நிலைத்தது. கடிகாரத்துக்குக்கூடச் சாவி கொடுத்தோம்.

காரில் மட்டும் சாவிக்கு இரட்டை வேலை. ஆரம்பகாலக் கார்களை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்பினார்கள். கெட்டரிங் என்ற பொறியாளர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் காரில் வந்தது. வண்டி தானே கிளம்புகிறது என்பதால் ‘செல்ஃப்’. பெரம்பலூர் பட்டறையில் இன்றும் ‘செல்ஃப் எடுக்கல’ என்பதுதான் பேச்சு. சாவியைத் திருப்பியே செல்ஃப் அடிக்கலாம் என்று கிரைஸ்லர் செய்து காட்டியது 1949-இல். பின்னாளில் ஸ்டேரிங் தடுப்பும் அதே குழலுக்குள் குடிவந்தது. ஆக, சாவி முதலில் தாழை நீக்குகிறது. இன்னும் கொஞ்சம் சுற்றினால், பிரிந்திருக்கும் மின் இணைப்பைச் சேர்க்கிறது. அந்த இரண்டாவது வேலைக்குத் தாத்தா சொல்லியிருக்கக்கூடிய பெயர் பூட்டுவதுதான்.

பேரலே போய்விட்டால் ‘கீ செட்’ மாற்றச் சொல்வார்கள். இக்னிஷனை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று இரண்டு சாவி சுமக்க வேண்டும். சாவி மட்டும் தேய்ந்திருந்தால் சிக்கனமாகப் போகலாம். முன்பு கள்ளச்சாவி என்றதை இப்போது டூப்ளிகேட் என்று கௌரவமாகச் சொல்லிப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் தேய்ந்த சாவியைக் கொடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தேதான் புதுச் சாவியில் இறங்கும். வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி அலமாரியில் எங்காவது கிடக்கும். கடைக்குப் போகுமுன் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.